செவ்வாயில் கடல் இல்லை

சிமியோன் உள்ளே போனதே வெளியே வரத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்த கூத்து ஒன்றும் உங்களுக்கு விளங்காது. சொன்னாலும் எவ்வளவு விளங்குமோ தெரியாது. அவனுக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மாரி தொடங்குகிற காலம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய் இரண்டு வருடம். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. இந்த இலட்சணத்தில் சண்முகநாதன் மாஸ்ரருக்கு வந்த யோசனையைப் பாருங்கள்: மனிதன் வேறொரு கிரகத்தில் போய்க் குடியேற ஆயத்தமா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்!

மாஸ்ரர் பண்டத்தரிப்பிலிருந்து தினம் சைக்கிள் மிதித்து வந்து குருநகரில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பின்னேரத்தில் அந்தச் சைக்கிளையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பார். அப்படி ஒரு நாள் கேட்டதுதான் வினையாகிப் போயிற்று. அமெரிக்காவில் எட்டுப் பேரை ஒரு கண்ணாடி வீட்டுக்குள் விட்டுப் பூட்டியிருக்கிறார்களாம். இரண்டு வருடம் உள்ளேயே பயிர் வைத்து உள்ளேயே உண்டு இருப்பார்களாம். மாஸ்ரருக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

"அவங்கள் இப்பத்தான் பழகிறாங்கள். நாங்கள் ரெண்டு வரியமா ஒண்டும் இல்லாமல் சீவிச்சுக் காட்டிப்போட்டம். உலகத்திலை ஆரும் ஆயத்தம் எண்டால் நாங்கள்தான் ஆயத்தம்" என்று கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நிரூபிக்க இடமும் பிடித்துவிட்டார். கரையோரத்தில் மீன் வைக்கிற ஒரு பழைய ஐஸ் மடுவம் இருந்தது. கரண்ட் போன பிறகு ஐஸ் ஏது? முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார், திறப்பு, அதாவது சாவி, மாஸ்ரரிடம். இரண்டடித் தடிப்புச் சுவர், யன்னல் இல்லை, கனத்த கதவு. பின்னால் மதில் கட்டித் தகரம் போட்ட ஒரு துண்டு இடமும் அதற்குள் கக்கூசும் இருந்தன. செவ்வாய்க் கிரகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்பது மாஸ்ரரின் கேள்வி.

சிமியோனிடம் அவர் வந்தது சும்மா இல்லை. சண்டை தொடங்குமுன் சிமியோன் வருடத்தில் ஆறு மாதம் கிழக்குக் கரைக்குப் போய், மனித வாசமே இல்லாத வெறும் மணலில் ஓலைக் கொட்டில் அடித்து, கிணறு தோண்டி மீன்பிடித் தொழில் செய்தவன். அப்படி அடிக்கிற குடியிருப்புக்கு வாடி என்று பெயர். ஒன்றுமில்லாத இடத்தில் ஊர் போடத் தெரிந்தவன் இவன்தான் என்று மாஸ்ரர் கொப்பியும் பேனையுமாக வந்து வாங்கில் குந்திவிட்டார்.

"சிமியோன் அண்ணை, வாடிக்கு முதன்முதல் என்ன கொண்டு போவியள்?"

"மண்வெட்டி. தண்ணி பாக்கோணும். பேந்து உப்பு, நெருப்புப்பெட்டி, அந்தோனியார்."

"அந்தோனியாரோ?"

"சின்னச் சுருவம் மாஸ்ரர், கையளவு சிலை. அவரை வைக்காமல் ஆரும் கொட்டில் அடிக்க மாட்டினம்."

"கதவு என்ன மாதிரி?"

"வாடிக்குக் கதவு ஏது? கடலிலை இருந்து வாறவன் ஆரெண்டாலும் வந்து சோறு தின்னலாம். அவன் எங்கத்தையான், என்ன சாமி கும்பிடுறான் எண்டு கேக்கிறேல்லை. வந்தவனைத் திருப்பி அனுப்பினால் அந்த வரியம் தொழிலே படாது."

"செவ்வாயிலை கதவைத் திறந்தால் எல்லாரும் செத்துப்போவினம் அண்ணை."

"அப்ப அங்கை ஆர் வாறது?"

"ஒருத்தரும் வரமாட்டினம்."

"ஒருத்தரும் வராத இடத்துக்கு உங்களுக்கு என்ன அலுவல்?"

 மாஸ்ரர் அந்தக் கேள்வியையும் கொப்பியில் எழுதினார். பிறகு சிமியோன் தனக்கு முக்கியமானதைக் கேட்டான்: "அங்கை கடல் இருக்கோ?"

"இல்லை. ஒரு காலத்திலை இருந்திருக்கலாமாம்."

"அப்ப எனக்கு வேண்டாம். கடலைப் பாக்காமல் ரெண்டு நாள் கிடந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்."

அடுக்களைக்குள் இருந்து அகப்பையும் கையுமாக வெளியே வந்தாள் அவனுடைய மனைவி லூர்த்தம்மா. வந்த வேகத்தைப் பார்த்து மாஸ்ரர் கொப்பியை மூடிவிட்டார்.

விசயம் இதுதான். லூர்த்தம்மாவின் தமையன் மரியரட்ணம் வன்னியில் அக்கராயன் பக்கம் காடு வெட்டித் தோட்டம் செய்கிறான். "இங்கே செல்லடியும் இல்லை, குண்டு போடுகிற பொம்பரும் குறைவு. உங்களுக்கும் ஒரு கொட்டில் போட்டிருக்கிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அவன் கடிதம் எழுதி மூன்று மாதம். மூன்று மாதமாக அந்த வீட்டில் நடக்கிற சண்டையும் அதுதான். அவள் போவோம் என்பாள். அவன் அங்கே கடல் இல்லை என்பான். இங்கே கடல் இருந்து மட்டும் என்ன கண்டீர்கள் என்பாள். அவனுக்குக் கோபம் வந்து எழும்பிப் போய்விடுவான். எங்கே போவான்? கரைக்குத்தான். அங்கே கடலில் இறங்கினால் சுடுகிற நேவிப் படகு தூரத்தில் நிற்கும், இவன் வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடக்கும், இவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"இஞ்சருங்கோ, ஒரு பந்தயம்" என்றாள் லூர்த்தம்மா. "மாஸ்ரரின்ரை செவ்வாய்க்குள்ளை போங்கோ. ஏழு நாள் கடலைப் பாக்காமல் இருந்திட்டியள் எண்டால் நாங்கள் அக்கராயனுக்குப் போறம். நடுவிலை வெளியிலை வந்திட்டியள் எண்டால் இஞ்சையே இருப்பம். நான் செத்தாலும் அந்தக் கதை எடுக்கமாட்டன். மாஸ்ரர் சாட்சி."

சிமியோனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமான பந்தயத்தை யார் விடுவான்? முதல் நாள் உள்ளே போவது, இரண்டாம் நாள் "ஐயோ ஏலாது" என்று வெளியே வருவது, மூன்று மாதச் சண்டைக்கு முற்றுப்புள்ளி. "ஓம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

திங்கள் காலை உள்ளே போனவர்கள் மூன்று பேர். பெண்களைச் சேர்க்கவில்லை, ஊர் கதைக்கும் என்று மாஸ்ரருக்குப் பயம். சைக்கிள் கடைத் தம்பிராசா வந்தது ஏழு நாள் சமைத்த சோற்றுக்காக. அதை அவன் மறைக்கவும் இல்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்த சீவரத்தினத்தார் வந்தது வீட்டில் மருமகளோடு கோபம் என்பதால். ஆக, மனித குலத்தின் சார்பில் செவ்வாய்க்குப் போன மூவரில் ஒருவருக்கும் செவ்வாயில் அக்கறை இல்லை. மாஸ்ரர் கதவைச் சாத்தினார். உள்பக்கம் ஒரு மரக்கட்டை குறுக்கே கிடந்தது. யார் நினைத்தாலும் தூக்கிவிட்டு வரலாம். முன்பு குழாய் போன ஓட்டையால் தினம் ஒரு கடதாசி உள்ளே வரும். அதில் ஒரே ஒரு கேள்வி: வெளியே வர விருப்பமா?

முதல் நாள் சிமியோன் "ஓம்" என்று எழுதி அனுப்பினான். முதல் நாளே வந்தால் மரியாதை இல்லை என்பதால் மட்டும் எழும்பவில்லை. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் மூவரும் புளிச்சோறு சாப்பிட்டார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் நூறு யார் தூரத்தில் கடல். ஒரு சத்தம் உள்ளே வரவேண்டுமே! சிமியோன் சுவரில் காதை வைத்துக்கூடப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

பிறகு படுத்தான். படுத்தவன் நித்திரையாகிவிட்டான்.

இதிலென்ன புதினம் என்று கேட்பீர்கள். சிமியோன் இரண்டு வருடமாக ஒழுங்காக நித்திரை கொண்டவன் இல்லை. விடிய மூன்று மணிக்கு எழும்பிப் போய்க் காற்றைப் பார்ப்பான், நீரோட்டத்தைப் பார்ப்பான், "இண்டைக்கு நல்ல மீன் படும்" என்று தனக்குத்தானே சொல்வான், திரும்பி வந்து பாயில் குந்திக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவன் அன்று படுத்து எழும்பியபோது சீவரத்தினத்தார் மத்தியானச் சோறு உண்டுகொண்டிருந்தார்.

"தம்பி, செத்துப்போனாயோ எண்டு மூக்கிலை கை வைச்சுப் பாத்தனான்" என்றார்.

அன்றைய கடதாசியில் "நாளைக்கு" என்று எழுதினான். அடுத்த நாளும் அப்படியே நித்திரை.  தம்பிராசா அடிக்கிற பகிடிக்கு வயிறு நோகச் சிரித்தான். சீவரத்தினத்தார் மருமகளைத் திட்ட, இவன் மருமகள் பக்கம் நின்று வாதாடினான். புதன்கிழமை பின்னேரம் திடீரென்று அவனுக்கு ஒன்று உறைத்தது: காலையிலிருந்து கடலை ஒருமுறையும் நினைக்கவில்லை.

அப்போதுதான் பயம் பிடித்தது. எழும்பிக் கதவடிக்குப் போனான். கட்டையில் கை வைத்தான். இதைத் தூக்கினால் சரி. குருநகரும் தன்னுடையது, வள்ளமும் தன்னுடையது, லூர்த்தம்மாவின் வாயும் அடைபட்டுவிடும். தூக்கு, தூக்கு என்று தனக்கே சொன்னான். கை தூக்கவில்லை. வெளியே போனால் கடலைப் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். தனக்கு வருத்தம் கடல் இல்லாததால் இல்லை, கடல் கண்ணுக்கு முன்னால் இருந்தும் இறங்க முடியாததால்தான் என்று அவனுக்கு அந்த இருட்டில் தெரிந்தது. அப்படியென்றால் கடல் இல்லாத இடத்தில் இருந்துவிடலாமா? இருந்துவிட்டால் பிறகு அவன் யார்? சிமியோன் என்றால் கடல்காரன். கடலை மறந்துவிட்டு மூன்று நாள் சோறு தின்று சிரித்துக்கொண்டிருந்த இந்த ஆள் யார்?

"அண்ணை, போறதெண்டால் போங்கோ, நிக்கிறதெண்டால் வந்து படுங்கோ. எண்ணெய் முடியுது, விளக்கை நூக்கோணும்" என்றான் தம்பிராசா.

சிமியோன் வந்து படுத்தான். அந்த இரவு மட்டும் நித்திரை வரவில்லை. மறுநாள் கடதாசியில் "தெரியாது" என்று எழுதினான். வெள்ளிக்கிழமையும் "தெரியாது" என்றே எழுதினான். மாஸ்ரர் ஓட்டைக்கு வாயை வைத்து, "அண்ணை, ஓம் அல்லது இல்லை எண்டு எழுதுங்கோ, நான் கணக்கெடுக்கோணும்" என்று கெஞ்சினார். "தெரிஞ்சால் எழுதமாட்டனோ?" என்று இவன் சீறி விழுந்தான்.

சனிக்கிழமை. இரண்டு நாள் அடித்த மழை விட்டு வானம் வெளித்த பின்னேரம் பொம்பர் வந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு முதலில் தெரியவில்லை. கதவில் கைகள் அடித்த சத்தத்தில்தான் தெரிந்தது.

"திறவுங்கோ! பங்கருக்குள்ளை இடுப்பளவு தண்ணி! திறவுங்கோ!"

சீவரத்தினத்தார் "மாஸ்ரரிட்டைக் கேளாமல் எப்பிடி..." என்று இழுத்தார். சிமியோன் கட்டையைத் தூக்கி எறிந்தான். அதில் மட்டும் அவனுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. கடலில் இருந்து வந்தாலென்ன, தெருவில் இருந்து வந்தாலென்ன, வந்தவனைத் திருப்பி அனுப்புகிறதா? சனம் இடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. சட்டியோடு ஒருத்தி, கோழியோடு ஒருத்தி. நடுவில் அவன் மகள் யசிந்தா வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளை, நனைந்து நடுங்கியது.

"கொம்மா எங்கை?"

"என்னைத் தள்ளிவிட்டிட்டு மக்டலீன் மாமியைத் தூக்கப் போயிட்டா."

சிமியோன் வாசலுக்கு ஓடினான். அறுபதடி தள்ளி ஒழுங்கைச் சேற்றில் மக்டலீன் விழுந்து கிடந்தாள். போலியோவில் ஒரு கால் சூம்பிய மனுசி, ஊன்றுகோல் எங்கேயோ போய்விட்டது. லூர்த்தம்மா அவளைக் கமக்கட்டில் பிடித்து இழுக்கிறாள், சேறு இருவரையும் விடவில்லை. மேலே பொம்பர் சுற்றி வளைத்துத் திரும்புகிறது. சிமியோன் நிலைப்படியில் கால் வைத்ததைக் கண்டுவிட்டாள் லூர்த்தம்மா.

"வெளியிலை வராதேங்கோ!" என்று அங்கிருந்தே கத்தினாள். "இன்னும் ஒண்டரை நாள் கிடக்கு! வராதேங்கோ!"

கேட்டீர்களா கதையை! உயிர் போகிற நேரத்தில் பந்தயம். சிமியோனுக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் நிலைப்படியில். இவள் என்ன மனுசியா, பேயா? வெளியே போனால் இங்கேயே இருக்கலாம், அது அவன் ஆசைப்பட்டதுதானே? ஆசைப்பட்டதா? அதற்குமேல் அவன் யோசித்ததாக அவனுக்கு நினைவில்லை. சேற்றில் ஓடினான், மக்டலீனைத் தோளில் தூக்கினான், மற்றக் கையால் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கதவைச் சாத்தவும் நிலம் தூக்கிப் போடவும் சரியாக இருந்தது. குண்டு கரைப் பக்கம் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. பிறகு பொம்பர் போய்விட்டது. யாரோ மாதா செபமாலை தொடங்கினார்கள். தம்பிராசாவும் தெரிந்த அளவுக்குக் கூடச் சொன்னான்.

மாஸ்ரர் நனைந்த கொப்பியோடு வந்து நின்றபோது ஐஸ் மடுவத்துக்குள் நாற்பது பேர். ஒருத்தி மூலையில் மூன்று கல் வைத்துத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்ரருக்கு அழுகை வரும்போல் இருந்தது. "கதவைத் திறந்திட்டியளே... இனி நான் என்னெண்டு முடிவு எழுதுறது? ஆயத்தமோ, இல்லையோ?"

"வாடியிலை பெண்டுகள் வந்து அடுப்பு மூட்டினால் பேந்து அது வாடி இல்லை, ஊர்" என்றான் சிமியோன். "உங்கடை செவ்வாயிலை ஊர் வந்திட்டுது. எழுதுங்கோ."

"கதவு திறந்தால் எல்லாரும் செத்துப்போவினம் எண்டு சொன்னனானே."

"திறக்காட்டிலும் செத்திருப்பினம்."

மாஸ்ரர் எழுதினார், வெட்டினார், திரும்ப எழுதினார். கடைசியில் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தார்.

லூர்த்தம்மா சுவரோடு சாய்ந்து இருந்தாள். சேறு முழங்கை வரை காய்ந்திருந்தது. "வெளியிலை வந்திட்டியள்" என்றாள். "நான் கண்ணாலை கண்டனான். பந்தயம் பந்தயம்தான். இஞ்சையே இருப்பம். இனி நான் வாய் திறக்கமாட்டன்." அவள் கண்ணிலிருந்து நீர் ஓடியது, அதைத் துடைக்கவும் இல்லை.

"ஏனப்பா அப்பிடிக் கத்தினனீ? அதிலை செத்திருந்தால்?"

"செத்தால் நான் ஒராள். நீங்களும் பிள்ளையும் அங்கை போயிருப்பியள்."

 அவன் வென்றுவிட்டான். மூன்று மாதமாகக் கேட்டது கையில் வந்துவிட்டது. சந்தோசம் வரவேண்டும், வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"நான் கடலைப் பாக்க வெளியிலை வரேல்லை" என்றான். "உன்னைத் தூக்க வந்தனான். அது கணக்கில்லை. போவம்."

"அங்கை கடல் இல்லை."

"தெரியும்."

"இருப்பியளோ?"

"தெரியாதெண்டு மாஸ்ரருக்கு ரெண்டு தரம் எழுதிக் குடுத்தனான். உனக்கும் அதுதான் மறுமொழி. ஆனால் போவம்."

அடுத்த வியாழக்கிழமை, வன்னிக்குப் படகு ஏறுகிற கிளாலிக்கு வெளிக்கிடுவது என்று தீர்மானம். வள்ளத்தை மச்சான் முறையான ஒருவனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, புதன்கிழமை பின்னேரம் சிமியோன் கரையிலிருந்து வீட்டுக்கு வந்தான். மண்வெட்டி கட்டியாயிற்று, உப்புக் கட்டியாயிற்று, அந்தோனியாரைப் பழைய சேலையில் சுற்றியாயிற்று. யசிந்தா தன் புத்தகங்களை உரப்பையில் போட்டு வாசலில் வைத்திருந்தது. இனி லூர்த்தம்மாவின் சாமான் மட்டும்தான் பாக்கி.

அவள் அறை நடுவில் நின்றாள். அரிசி புடைக்கிற சுளகு ஒரு கையில், மற்றக் கையில் கதவுத் திறப்பு. ஒன்றையும் கட்டியிருக்கவில்லை. காலையில் அவன் போகும்போது எங்கே நின்றாளோ அங்கேயே நின்றாள்.

"என்னப்பா, இன்னும் ஒண்டும் செய்யேல்லையோ? போவம் போவம் எண்டு மூண்டு மாதம் என்னை ஆக்கினைப்படுத்தினது நீதானே?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அறிந்த லூர்த்தம்மா இல்லை அது. வழி தவறின பிள்ளைபோல ஒரு முகம்.

"நீங்கள் ஆறு நாள் உள்ளுக்கை இருந்து பழகிப்போட்டியள்" என்றாள். "நான் ஒரு நாளும் பழகேல்லையே."

சிமியோன் அவள் கையிலிருந்த சுளகை வாங்கிக் கீழே வைத்தான். திறப்பை அவள் விடவில்லை.